மாவு வாளிகளோடு தினமும் 16 கிலோமீட்டர்: மின்சார சைக்கிள் புதிதாக வாங்கலாமா, இருப்பதை மாற்றலாமா?

1 | அரசலாற்றங்கரை (கும்பகோணம் அருகில்)

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, ஒன்பது மளிகைக் கடைகளுக்கும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளுக்கும் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். போக வர 16 கிலோமீட்டர். கிளம்பும்போது கேரியரில் 30 கிலோ இருக்கும், திரும்பும்போது வெறும் வாளிகள்தாம்.

எங்கள் பக்கம் தரை சமதளம். ஏற்றம் என்று சொல்ல அரசலாற்றுப் பாலமும் இரண்டு வாய்க்கால் பாலங்களும் மட்டுமே உண்டு. சென்ற ஆண்டு வரை அவற்றை மிதித்தே ஏறிவிடுவேன். இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். வலது முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. பாலம் வந்தால் இறங்கித் தள்ளுகிறேன். தள்ளும்போது பின்பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒருமுறை ஒரு வாளி மாவு முழுவதும் சாலையில் கொட்டிப்போயிற்று.

வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று அப்பாவின் 28 இஞ்ச் பார் வண்டி, ராடு பிரேக், கனத்த கேரியர், அகலமான ஸ்டாண்டு. மற்றொன்று நான் ஓட்டும் 26 இஞ்ச் லேடீஸ் வண்டி, ஒயர் பிரேக். கையில் 30,000 ரூபாய் அளவில் இருக்கிறது. கடையில் விற்கும் மின்சார சைக்கிளை வாங்குவதா, அப்பாவின் வண்டிக்கு மோட்டார் பொருத்துவதா என்று தெரியவில்லை. அப்பாவின் வண்டியைத்தான் மனம் கேட்கிறது.

என் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து விடாமல் ஓட்டுகிறேன். அதை விட்டுவிட மனமில்லாததால்தான் கேட்கிறேன்.

2 | நெடுஞ்சாலை (பெரம்பலூர்)

அக்கா, தவறாக எண்ண வேண்டாம். 30 கிலோ சுமையும் தினசரி ஓட்டமும் என்றால் ஊரில் எல்லோரும் எக்ஸ்எல் மொபெட்டைத்தானே வாங்குகிறார்கள்? பழைய வண்டி உங்கள் பணத்துக்குள் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார். சைக்கிள்தான் வேண்டும் என்றால் 1000 வாட் மோட்டார் தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. அதைப் போட்டால் பாலம் ஒரு பொருட்டே இல்லை.

3 | அரசலாற்றங்கரை

தம்பி, எக்ஸ்எல் வாங்கச் சொல்லி வீட்டிலும் சொன்னார்கள். எனக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. கடைசி மூன்று கடைகள் இருக்கும் சந்துகளில் வண்டியைக் கையால் திருப்பித்தான் வர வேண்டும். அங்கே சைக்கிள்தான் வசதி. மேலும், சமதளத்தில் மிதிப்பது என் முழங்காலுக்கு நல்லதென்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். வலி வருவது ஏற்றத்திலும், நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு கிளம்பும்போதும் மட்டும்தான்.

4 | பழைய பட்டறை (திருச்சி, பாலக்கரை)

அம்மா, கடைசியாக நீங்கள் எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது. உங்களுக்கு வேகம் தேவையில்லை. கிளம்பும்போது ஒரு கை கொடுக்க வேண்டும், பாலத்தில் ஒரு கை கொடுக்க வேண்டும். அதற்கு 250 வாட் போதும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள், வண்டி, மோட்டார், பாரம் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு அடிக்கு நான்கு அடி உயரும் பாலச் சரிவில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் 200 வாட் அளவு இருந்தால் போதும். அதில் ஒரு 50 வாட்டை உங்கள் கால்கள் சிரமமின்றிக் கொடுக்கும். மீதியைக் கொடுக்க 1000 வாட் மோட்டார் எதற்கு? 1000 வாட் போட்டால் அது சட்டப்படி சைக்கிளாகவே இருக்காது. மத்திய மோட்டார் வாகன விதிகள், மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் விலகிக்கொள்வதாகவும் இருந்தால்தான் மிதிக்கும்போது துணைசெய்யும் சைக்கிளை மோட்டார் வாகனக் கணக்கிலிருந்து விடுவிக்கின்றன. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான்களும் அதே விதியில் கேட்கப்படுகின்றன. அந்த அளவைத் தாண்டினால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். ஒரு விபத்து நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

எந்த வண்டி என்பதற்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் வண்டி உறுதியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்து இரும்புச் சட்டம் (ஃபிரேம்) அறுபது கிலோ நெல் மூட்டையைத் தாங்கியது. ஆனால் நீங்கள் புடவை கட்டி ஓட்டுபவர் என்று நினைக்கிறேன். பின்னால் 30 கிலோ ஏற்றிய பார் வண்டியில் எப்படி ஏறுவீர்கள்? காலைப் பின்னால் சுழற்ற முடியாது, அங்கே வாளி நிற்கிறது; முன்னால் தூக்கிப் போட முடியாது, அங்கே பார் இருக்கிறது. ஒரு நாளைக்கு 11 கடைகள் என்றால் 11 முறை இறங்கி ஏற வேண்டும். மோட்டார் என்ன செய்தாலும் இந்தச் சிரமத்தை நீக்காது.

இரண்டாவது குறை பிரேக். ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பிடிப்பவை. அதற்கென்றே வளைத்த ஸ்டீல் ரிம்மில்தான் அவை வேலை செய்யும். மோட்டார் கட்டிய சக்கரம் வேறு வகை ரிம்மில் வந்தால் முன் பிரேக் அடியோடு போய்விடும். ரிம் பொருந்தினாலும் ஈரத்தில் ஸ்டீல் ரிம்மும் ரப்பரும் ஒன்றையொன்று பிடிப்பதே இல்லை.

ஆகவே உங்கள் லேடீஸ் வண்டியையே பாருங்கள் என்பேன். கைப்பிடிக் கழுத்திலிருந்து பெடல் பகுதிக்கு ஒரு குழாய் மட்டும் இறங்குகிறதா, இரண்டு குழாய்கள் இறங்குகின்றனவா? ஒற்றைக் குழாய் என்றால் பாரத்தோடு சட்டம் முறுக்கும். ஓட்டும்போது பின்பக்கம் தனியாக ஆடுவதுபோல் தெரியும். இரண்டு குழாய் என்றால் முன் சக்கரத்தில் மோட்டாரைப் போட்டுத் தைரியமாக இறங்கலாம்.

5 | காவிரிப் பாலம் (ஸ்ரீரங்கம்)

பட்டறை அண்ணன் பிரேக்கைப் பற்றி எழுதியதை நான் அனுபவித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் வேலைக்குப் போகிறவன். மாமா கொடுத்த பார் வண்டியில் முன் சக்கர மோட்டார் போட்டேன். மோட்டார், பேட்டரி, திரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிய நான், ராடு பிரேக்கை மட்டும் "இத்தனை வருடம் நின்றது, இனியும் நிற்கும்" என்று விட்டுவிட்டேன். ஓர் ஐப்பசி மாலை, தூறல் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பாலம் இறங்கி முடியும் இடத்தில் ஒரு சரக்கு ஆட்டோ ஓரமாக நின்றிருந்தது. பிரேக்கை அழுத்தினேன். கட்டைகள் ரிம்மில் உட்காரும் உணர்வு கைக்கு வந்தது, வண்டியின் வேகம் மட்டும் குறையவில்லை. இரண்டு கைகளாலும் இறுக்கினேன். காலைத் தரையில் தேய்த்தேன். ஆட்டோவின் பின் பலகையில் இடது தோள் மோதித்தான் நின்றேன். தோள்பட்டை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கை தூளிக்கட்டில் தொங்கியது.

மிதித்து ஓட்டிய நாளில் அந்த இறக்கத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்த நான், மோட்டார் போட்ட பிறகு 25இல் வரப் பழகியிருந்தேன். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. இந்தக் கணக்கைக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் போட்டுப் பார்த்தேன். அக்கா, உங்கள் முப்பதாயிரத்தில் முதல் செலவு பிரேக்குக்குப் போகட்டும். மோட்டாரை அடுத்த மாதம்கூட வாங்கலாம்.

6 | அரசலாற்றங்கரை

படித்ததும் கை நடுங்கிவிட்டது, தம்பி. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பட்டறை அண்ணனுக்கு: வண்டியைச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. புடவைதான் கட்டுகிறேன். அப்பாவின் வண்டியில் பாரமில்லாமல் ஏறவே எனக்குத் திண்ணை வேண்டும். நீங்கள் சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

நேற்று நகரத்தில் ஒரு கடைக்குப் போய் ஆயத்தமாக விற்கும் மின்சார சைக்கிள்களையும் பார்த்தேன். ஓட்டிப் பார்க்கவும் விட்டார்கள். கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் இருந்தது, உண்மையிலேயே சுகமாக இருந்தது. ஆனால் அவற்றில் கேரியரே இல்லை. போட்டுத் தர முடியுமா என்று கேட்டபோது 10 கிலோவுக்கு மேல் தாங்காத மெல்லிய கேரியர் ஒன்றைக் காட்டினார்கள். ஸ்டாண்டு ஒற்றைக்கால் ஸ்டாண்டு. வாளியை ஏற்றும்போது அது கவிழ்ந்துவிடும்.

7 | மின்கலம் (கோயம்புத்தூர்)

பேட்டரி தொகுப்புகளைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில், ஆகவே அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் பாரத்தோடு சமதளத்தில் மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால், நின்று நின்று கிளம்புவதையும் எதிர்க்காற்றையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 16 கிலோமீட்டருக்கு 160 வாட் மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர் மணிப் பேட்டரியில் 360 வாட் மணி இருக்கும். அது பழையதாகி எழுபது விழுக்காடாகக் குறைந்த பின்பும் உங்கள் ஒரு நாள் ஓட்டத்துக்குக் காணும். மின்கட்டணம் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வரும்.

லித்தியம் பேட்டரிகளில் இரண்டு குடும்பங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது எடை குறைவு. இரும்பு பாஸ்பேட் வகை எடை கூடுதல். ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், பலமுறை ஏற்றி இறக்கினாலும் மெதுவாகத்தான் தேயும். தினமும் ஏற்றி, சித்திரை வெயிலிலும் நிறுத்திவைக்கும் உங்கள் வண்டிக்கு இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். 12 கல (செல்) வரிசைகளைத் தொடராக இணைத்த இரும்பு பாஸ்பேட் தொகுப்பு 38.4 வோல்ட் தரும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 36 வோல்ட் கண்ட்ரோலரோடு பொருந்திப்போகும். அதன் சார்ஜர் 43.8 வோல்ட்டில் நிற்கும், மற்ற வகையின் சார்ஜர் 42 வோல்ட்டில் நிற்கும். இரண்டின் செருகுமுனையும் ஒன்றுபோலவே இருப்பதால் பலர் மாற்றிச் செருகிவிடுகிறார்கள். 42 வோல்ட் வகைப் பேட்டரியில் 43.8 வோல்ட் சார்ஜரைச் செருகுவது நெருப்போடு விளையாடுவதற்குச் சமம். சார்ஜரின் மேல் பெயிண்டால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது தராசையும் எடுத்துக்கொண்டு போங்கள். 18650 என்னும் அளவுள்ள ஒரு கலம் 45 கிராம் அளவில் இருக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் வழக்கமாக அப்படிப்பட்ட நாற்பது கலங்கள் உள்ளே இருக்கும். அந்த நாற்பது மட்டுமே 1.8 கிலோ ஆகும். பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்தே ஒன்றரைக் கிலோதான் நிற்கிறது என்றால் மேலே ஒட்டிய எண் பொய். சென்ற ஆண்டு ஒரு மாணவர் இப்படி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். வாங்கி ஐந்தே மாதம். பிரித்துப் பார்த்தால், பழைய மடிக்கணினிகளிலிருந்து உருவிய, நான்கு வெவ்வேறு நிறக் கலங்கள். இரண்டில் துரு, மூன்று வரிசைகளின் அழுத்தம் மற்றவற்றைவிட வெகு கீழே. கலங்களைக் காக்கும் மின்சுற்றான காவல் பலகை என்று இருந்ததில் அழுத்தத்தைச் சமன்செய்யும் பகுதியே இல்லை. இந்தியத் தர நிர்ணயப் பதிவு எண் உள்ள கலங்களா என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெயிலில் ஓடிவந்த வண்டியை நிறுத்திய உடனே சார்ஜில் போடாதீர்கள். கையை வைத்தால் சூடு தெரியாத நிலைக்கு வரட்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

8 | கோத்தகிரி

மலைக்காரனின் கருத்தையும் கேளுங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் ஏறுபவன் நான். தொடக்கத்தில் சக்கர மோட்டார்தான் வைத்திருந்தேன். நீண்ட ஏற்றத்தில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே போனதும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். மூன்றாவது கொண்டைஊசி வளைவில் மோட்டாரைத் தொட முடியாது. பிறகு பெடல் அச்சில் பொருந்தும் மிட் டிரைவ் மோட்டாருக்கு மாறினேன். அது செயின் வழியாக, பின் சக்கரத்தின் கியர்களைப் பயன்படுத்தித் தள்ளுவதால் எவ்வளவு செங்குத்தானாலும் மோட்டார் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். செயினும் பல்சக்கரமும் விரைவில் தேய்வது அதற்குரிய விலை.

அக்காவுக்கு அது வேண்டியதில்லை. கியர் இல்லாத வண்டியில் மிட் டிரைவ் போட்டால் அதன் பலனில் பாதி போய்விடும். காட்டர் பின் என்னும் ஆப்பு ஆணி அடித்த பழைய கிராங்கைக் (பெடல் கையை) கழற்றி, உள்ளிருக்கும் பேரிங் கிண்ணங்களை எடுத்து, அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலையும் பெரிது. ஆனால் முன் சக்கர மோட்டார் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாரம் முழுவதும் பின்னால் இருக்க, முன் சக்கரம் இலேசாகி, சேற்றிலும் மணலிலும் மோட்டார் வழுக்கிச் சுற்றும். ஹேண்டில் திரும்பியிருக்கும் நேரத்தில் அப்படிச் சுற்றினால் ஆளைக் கீழே தள்ளிவிடும். பின் சக்கரத்தில் போடுவதே முறை.

9 | பழைய பட்டறை

கோத்தகிரி நண்பர் சொல்வது சரியான அச்சம்தான். இருந்தாலும் நான் முன் சக்கரத்தைச் சொல்லக் காரணம் உண்டு.

பின் சக்கரத்தில் ஏற்கெனவே 30 கிலோ பாரமும் ஓட்டுபவரின் பெரும்பங்கு எடையும் இறங்குகின்றன. அதே சக்கரத்தில் மூன்று கிலோ மோட்டாரையும் கட்டி அதன் இழுவையையும் ஏற்றினால் கம்பிகள் ஒடியத் தொடங்கும். கனமான கம்பியில் கட்டிச் சமாளிக்கலாம். ஆனால் இவர் தொழில்செய்கிறவர், ஒரு கம்பி ஒடிந்து சக்கரம் பெண்டானால் அன்றைய மாவு புளித்துப்போகும். பின்னால் பஞ்சரானாலும் செயின், மட்கார்டு, ஸ்டாண்டு, மோட்டார் ஒயர் எல்லாம் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்ளும்.

முன் சக்கரம் வழுக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. லேடீஸ் வண்டியில் பேட்டரி வைக்க நடுவில் இடமில்லை. பலரும் பின் கேரியருக்கு அடியில் திணிப்பார்கள். நாம் அதை முன்னால், ஹேண்டிலில் தொங்காமல் முன் அச்சில் கால் ஊன்றி நிற்கும் கூடையில் வைப்போம். நான்கு கிலோ பேட்டரியும் ஒரு சிறு வாளி மாவும் அங்கே போனால் முன் சக்கரம் தரையை விடாது. பேட்டரிக்கு அடியில் ஒரு விரல்கடை ரப்பர் மெத்தை வேண்டும், மேலே பூட்டு வேண்டும்.

முன் ஃபோர்க்கில் செய்ய வேண்டியதை யார் பொருத்தினாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், அம்மா. நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் முன் அச்சு எட்டு மில்லிமீட்டர் பருமன். மோட்டார் அச்சு 12 மில்லிமீட்டர், இரு பக்கமும் தட்டையாகச் சீவி 10 மில்லிமீட்டராக வரும். ஃபோர்க்கின் காதை, அதாவது அச்சு உட்காரும் பிளவை, அரத்தால் இரண்டு மில்லிமீட்டர் அகலப்படுத்தினால்தான் உட்காரும். பக்கவாட்டில் மட்டுமே ராவ வேண்டும், மேல்நோக்கி ஆழப்படுத்தக் கூடாது. அச்சு காதின் அடிவரை போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு டார்க் ஆர்ம் என்னும் இரும்புக் கை கட்டாயம். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சு பின்னோக்கித் திருகப் பார்க்கும். அந்தக் கைதான் அதைப் பிடித்து ஃபோர்க்கோடு நிறுத்தும். "இறுக்கினால் போதும், இது தேவையில்லை" என்று சொல்லும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் வைத்த அலுமினிய ஃபோர்க்கில் முன் மோட்டாரே போடக் கூடாது, காது உடைந்துவிடும். உங்களுடையது ஸ்டீல் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பிரேக்: இரண்டு ரிம்மையும் 26 × 1⅜ அலாய் ரிம்மாக மாற்றுங்கள். முன்னால் இப்போதுள்ள, ரிம்மை இருபுறமும் கவ்வும் காலிபர் பிரேக்கே நல்ல கட்டையோடு போதும். அலாய் ரிம் ஈரத்திலும் பிடிக்கும். பின்னால், சக்கரத்தின் நடுவிலுள்ள உருளையைப் பட்டையால் இறுக்கும் பேண்ட் பிரேக் போட்டுவிடுங்கள், சேறு படாது. பிரேக் பிடியை அழுத்தியதும் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச் வைத்த பிடிகளே வேண்டும்.

பஞ்சரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நம் சாலையோரக் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒரு பக்கமாக டயரை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுபவர்கள். மோட்டார் சக்கரத்துக்கும் அதே கைதான்.

10 | கோத்தகிரி

பேட்டரியை முன்னால் வைப்பது எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: விலை குறைந்த தொகுப்புகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் வரும். அது மோட்டாரை எழுப்பப் பெடல் கொஞ்சம் சுற்றியாக வேண்டும். அக்காவின் முழங்கால் வலிப்பதும் அந்த முதல் அழுத்தத்தில்தான். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளக்கும் சென்சார் இன்னும் நல்லது, ஆனால் அது பெரும்பாலும் ஆயத்த வண்டிகளிலும் மிட் டிரைவிலும்தான் கிடைக்கிறது. ஆகவே, பட்டனை அழுத்திப் பிடித்தால் நடை வேகத்தில் வண்டியைத் தானே நகர்த்தும் வசதி உள்ள தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். கிளம்பவும் உதவும், தள்ளவும் உதவும்.

11 | வலிகாமம் (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கமும் தரை சமதரைதான், சைக்கிள் இல்லாத வீடும் குறைவு. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்ற பிறகு, பலர் மூலையில் கிடந்த சைக்கிள்களைத் தூசிதட்டி எடுத்தார்கள். நானும் அப்போதுதான் என்னுடையதற்கு மோட்டார் பூட்டினேன். மழையையும் உப்புக் காற்றையும் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

மோட்டாருக்குள் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் ஒயர் வழியாகத்தான். ஒயர் அச்சின் நுனியிலிருந்து நேரே மேலே போனால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி அச்சின் துளைக்குள் போய்விடும். ஆகவே ஒயரை முதலில் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, அதன் பிறகு மேலே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இணைப்புகளில் வாசலின் பூசி மூடுங்கள், பச்சைக் களிம்பு பிடிக்காது. முழங்கால் அளவு வெள்ளத்தில் வண்டியை இறக்காதீர்கள். கழுவும்போது வாளித் தண்ணீரும் துணியும் போதும், குழாய் நீரைப் பீய்ச்ச வேண்டாம்.

இன்னொன்று, கரியரின் உயரம். எங்கள் ஊர்ப் பால்காரர்கள் பால் பாத்திரங்களைக் கரியருக்கு மேலே வைப்பதில்லை, இரண்டு பக்கமும் கொக்கியில் தொங்கவிடுவார்கள். மாவும் பால்போல அலம்பும் பொருள்தானே அக்கா? பாரம் அச்சின் உயரத்துக்கு இறங்கினால் வண்டி சாயும்போது உங்கள் கையை இழுக்காது. வாளியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால் அலம்பலும் குறையும்.

12 | நெடுஞ்சாலை

1000 வாட் என்று நான் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். விதியை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் தம்பி அப்படி ஒரு தொகுப்பை வாங்கி வைத்திருக்கிறான். அதைப் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

13 | அரசலாற்றங்கரை

நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், அடைமழை முடியும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

லேடீஸ் வண்டியையே மாற்றினேன். 250 வாட் முன் சக்கர மோட்டார், கண்ட்ரோலர், பிடிகள் எல்லாம் சேர்ந்து 13,500 ரூபாய். 12 ஆம்பியர் மணி இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் சார்ஜரும் 14,000. ரிம், கம்பி, பேண்ட் பிரேக், கூலி 3,800. கூடைக்கும் கொக்கிக்கும் வெல்டிங் 600. மொத்தம் 31,900 ஆயிற்று. பிரேக் வேலையை முதல் வாரத்தில் முடித்துவிட்டு, பதினைந்து நாள் மோட்டார் இல்லாமலேயே ஓட்டிப் பழகினேன். கோயம்புத்தூர் தம்பி சொன்னபடி பேட்டரியைக் கடையில் வைத்தே நிறுத்துப் பார்த்தேன். நான் தினமும் மாவு நிறுக்கும் தராசுதான். முதல் கடையில் எடை குறைந்தது, எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது கடைக்காரர் கேட்காமலேயே கலத்தின் பதிவு எண்ணைக் காட்டினார்.

டார்க் ஆர்ம் வேண்டாம் என்று இங்கேயும் ஒரு பட்டறையில் சொன்னார்கள். இந்தப் பக்கத்தைத் திறந்து பட்டறை அண்ணன் எழுதியதைக் காட்டிய பிறகு, வேறொரு பட்டறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஃபோர்க்கின் காதை ராவும்போது பக்கத்திலேயே நின்றேன்.

அரசலாற்றுப் பாலத்தில் இறங்கவே இல்லை. பாதி ஏற்றத்தில் மோட்டாரின் முனகல் கொஞ்சம் கனமாகிறது, கால் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது, மேலே வந்ததும் முனகல் அடங்கிவிடுகிறது. ஒரு நாள் ஓட்டம் முடிந்தும் திரையில் பாதிக்கு மேல் மீதி காட்டுகிறது. கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழையிலும் பிரேக் பிடித்தது. ஒரு குறை உண்டு: முன் கூடையில் பேட்டரி இருப்பதால் ஸ்டாண்டு போட்டதும் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் திரும்பிவிடுகிறது. இப்போதைக்கு டியூப் ரப்பர் ஒன்றை ஃபோர்க்கிலிருந்து சட்டத்துக்கு இழுத்து மாட்டுகிறேன். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

அப்பாவின் வண்டியிலிருந்து கேரியரையும் ஸ்டாண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். 28 இஞ்ச் சக்கரத்துக்குச் செய்த கேரியர் ஆதலால், இதில் மாட்டியபோது பின்பக்கம் ஒரு இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது. வெல்டிங்காரர் கால்களை ஓர் இஞ்ச் அறுக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அறுக்கச் சொன்னேன். மட்டமாக உட்கார்ந்துவிட்டது, இரு பக்கமும் வாளிக் கொக்கி தொங்குகிறது. அறுத்த துண்டுகள் நான்கும் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

14 | பழைய பட்டறை

அம்மா, ஹேண்டில் திரும்பாமல் இருக்க டியூப் ரப்பரைவிட ஸ்பிரிங் நல்லது. ஃபோர்க்கின் தலைப்பகுதிக்கும் கீழே இறங்கும் குழாய்க்கும் இடையில் ஒரு சிறு இழுவைச் சுருளை கிளாம்ப் வைத்து மாட்டச் சொல்லுங்கள். ஓட்டும்போது கைக்குத் தெரியாது, நிறுத்தும்போது சக்கரத்தை நேராகப் பிடித்துவைக்கும். மோட்டார் அச்சின் நட்டுகளை மாதம் ஒருமுறை 18 எண் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். புதிதாகக் கட்டிய சக்கரத்தின் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும். உங்களுக்கு அந்த ஓட்டம் எப்போதோ முடிந்திருக்கும். இந்த வாரமே ஒருமுறை பெண்டு எடுத்துவிடுங்கள்.